நீருக்குள் படமெடுக்க: கேமராவுக்கு முன் பெட்டியைத் தேடுங்கள்

பாபநாசம் படித்துறையில் பொரியைத் தூவினால் மீன்கள் காலடியில் வந்து மொய்க்கும். கரையில் நின்று எடுத்தால் படத்தில் விழுவது நீரின் பளபளப்புதான். மீனின் கண் வேண்டுமென்றால் கேமராவும் நீருக்குள் இறங்க வேண்டும். சிறிய டிஜிட்டல் கேமராவும், ஹவுசிங் என்கிற நீர்புகாப் பெட்டியும் போதும்.

முதலில் ஆழம். இடுப்பளவு தண்ணீரோடு நிற்பவருக்கு, தானே நீர் தாங்கும் கேமரா போதும். ஒலிம்பஸ் டிஜி-6 பெட்டி இல்லாமலே 15 மீட்டர் வரை தாங்கும். அதற்கென்று வரும் பெட்டிக்குள் போட்டால் 45 மீட்டர். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்பதால், கடலில் மூழ்க நினைப்பவர்கள் பெட்டியில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

அடுத்தது பெட்டி. கேமராவை அப்புறம் பாருங்கள். ஒரு மாடலின் பொத்தான்கள் இருக்கும் இடத்துக்கு ஏற்பத்தான் அதன் பெட்டியை வார்க்கிறார்கள். இன்னொன்று அதில் உட்காராது. மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு கேமராவை வாங்கிவிட்டு, அதற்குப் பெட்டியே கிடையாது என்று பிறகு தெரிந்துகொண்டவன் நான்.

மூன்றாவது கேமரா. அகன்ற கோணம், மிக அருகில் ஃபோகஸ், கையால் மாற்றக்கூடிய ஒயிட் பேலன்ஸ் (படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வசதி). இந்த மூன்றும் இருந்தால் மெகாபிக்சலை மறந்துவிடலாம். தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும். எட்ட நின்று எடுத்தால் எல்லாம் பச்சையாகவோ நீலமாகவோ ஆகிவிடும். அதனால் ஜூமை நம்பாமல் கிட்டே போக வேண்டும். நீருக்குள் பொருள்கள் கால்பங்கு அருகில் இருப்பதுபோலத் தெரியும். நீட்டிய கை மீனைத் தொடாமல் ஏமாறுவது அதனால்தான். ஆறு கலங்கியிருந்தால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மிதக்கும் மண்துகள் ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாக விழும்.

நான்காவது சோதனை. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பெட்டியின் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையம்தான் ஓ-ரிங். அதை விரலால் மெல்லத் தள்ளி எடுத்து (ஊசி, கத்தி வேண்டாம்), வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். பள்ளத்தையும் துடைத்துவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸைப் பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். பிறகு கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வையுங்கள். காலிப் பெட்டி மிதக்கும். மேலே அம்மிக்குழவியை வைத்தேன், நன்றாகவே வேலை செய்தது. என் பெட்டியிலிருந்து நூல் பிடித்ததுபோல் குமிழிகள் வந்தன. திறந்தால் காகிதத்தின் ஒரு மூலை ஈரம். வளையத்தின் குறுக்கே ஒரே ஒரு தலைமுடி!

ஐந்தாவது இறங்குவது. பேட்டரியை முழுதாக ஏற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு, வீட்டிலேயே உலர்ந்த கையால் மூடிவிடுங்கள். வெயிலில் சூடான பெட்டி குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் கண்ணாடி உள்ளே பனிக்கும். வெள்ளம் வடிந்து நீர் தெளிந்த நாளாகப் பாருங்கள். கசம் (ஆற்றின் ஆழமான பள்ளம்) இருக்கும் பக்கம் கேமராவோடு போகவே வேண்டாம். கண் திரையில் இருக்கும்போது கால் எங்கே போகிறது என்று தெரியாது. உவரிக் கடலில் இறங்கினால், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பெட்டியை ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். உப்பு ஒளிந்துகொள்வது அங்கேதான். துடைத்து உலர்த்திய பிறகே கதவைத் திறக்க வேண்டும்.