ஓடினானா என்று கேட்காதீர்கள்: ஜூரி அப்பீல் ஒன்றைப் படிக்கும் முறை

கடலூரில் கிரிமினல் பக்கம் பழகும் ஜூனியர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை, ஒரு கலிபோர்னியா தீர்ப்பைப் படித்து வருவது. "சார், அங்கே ஜூரி, நமக்கு எதுக்கு?" என்று இழுப்பார்கள். அதை இங்கே மேற்கோள் காட்டச் சொல்லவில்லை. புதுச்சேரியிலிருந்து சரக்கோடு வந்து, கைகாட்டியும் நிறுத்தாமல் போன கேஸ் கட்டு எங்கள் ஊர் வக்கீல் அலுவலகங்களுக்குப் புதிதல்ல. அந்தக் கட்டைப் பிரித்துப் படிக்க இது நல்ல பயிற்சி.

தீர்ப்பு 2006இல் வந்தது, பீப்பிள் எதிர் ஹட்சன், கலிபோர்னியா உச்ச நீதிமன்றம். போலீஸ் துரத்தியும் காரை நிறுத்தாதவர் மேல் போட்ட வழக்கு.

சம்பவத்தை முதலில் படிக்காதீர்கள். துரத்தலைப் படித்த மாத்திரத்தில் 'ஓடியிருக்கான், அப்புறம் என்ன?' என்று மனசு தீர்ப்பு எழுதிவிடும். நேரே சட்டப் பிரிவுக்குப் போங்கள். அந்த மாநில வாகனச் சட்டம், பிரிவு 2800.1. ஒரு ஃபுல்ஸ்கேப் தாளை நெடுக்கில் மடித்து, அந்தப் பிரிவு கேட்பதையெல்லாம் இடப்பக்கம் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். தப்பிக்கும் எண்ணம் ஒரு வரி. துரத்தும் வண்டியின் முன்னால் ஒரு சிவப்பு விளக்காவது எரிந்தது, அது ஓட்டுநர் கண்ணில் பட்டது அல்லது பட்டிருக்க வேண்டும் என்பது ஒரு வரி. தேவையான அளவு சைரன் ஒலித்தது. வண்டியில் போலீஸ் வண்டி என்று தனித்துத் தெரியும் அடையாளம் இருந்தது. அதை ஓட்டிய காவலர் தனித்துத் தெரியும் சீருடையில் இருந்தார். ஆள், உடைமை எதையும் பொருட்படுத்தாமல் ஓட்டியிருந்தால் 2800.2, தண்டனை கூடும்.

வலப்பக்கம், ஜூரிக்கு நீதிபதி சொன்னதை எழுத வேண்டும். சட்டம் படிக்காத பன்னிரண்டு பேர் முடிவு சொல்லப் போகிறார்கள் என்பதால், இன்னின்னது நிரூபணமானால்தான் குற்றவாளி என்று நீதிபதி அவர்களுக்கு எடுத்துச் சொல்வார். இப்போது அங்கே இதற்குக் கால்கிரிம் என்ற தயார் வாசகங்கள் உண்டு. இந்தக் குற்றத்துக்கு எண் 2181.

ஹட்சனைத் துரத்தியது போலீஸ் சின்னம் எதுவும் வரையாத கார். விளக்கும் சைரனும் இருந்தன. சின்னம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, சைரன், சிவப்பு விளக்கு உட்படச் சூழ்நிலையைப் பார்த்து, துரத்துவது போலீஸ்தான் என்று நியாயமான ஆளுக்குப் புரிந்திருக்குமா என முடிவு செய்யுங்கள் என்று விசாரணை நீதிபதி ஜூரியிடம் சொன்னார். கேட்டால் நியாயமாகத்தான் படும். தாளைப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். இடப்பக்கம் விளக்கு, சைரன், அடையாளம் மூன்றும் தனித்தனி வரி. வலப்பக்கம் மூன்றாவது வரி முதல் இரண்டுக்குள் கரைந்துபோயிருக்கிறது. விளக்கும் சைரனும் போக, பார்த்தால் தெரியும்படி இன்னொரு அடையாளமாவது வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தண்டனை நிற்கவில்லை. 'அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?' என்று ஜூனியர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். தெரிந்திருக்கலாம். சட்டம் கேட்டது அதை மட்டும் அல்ல.

தவறு கண்டதோடு அங்கே அப்பீல் ஜெயிக்காது, அந்தத் தவறு முடிவைப் பாதித்ததா என்றும் பார்ப்பார்கள். அதற்கு 1967இன் சாப்மன் வழக்கு அளவுகோல். அதிகம் மெனக்கெட வேண்டாம், நமக்கு வேலை அடுத்ததில்தான்.

நம் நாட்டில் ஜூரி போய்விட்டது. கடற்படை அதிகாரி நானாவதி மேல் வந்த கொலை வழக்கில் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அவரே ஜூரிக்குச் சொன்னதில் பிழைகள் இருந்ததாக உயர் நீதிமன்றம் கண்டது, 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரிக்கே வேலை இல்லாமல் போயிற்று. ஆகவே நம் மாஜிஸ்திரேட் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். எங்கே சொல்கிறார்? தீர்ப்பில். முடிவு செய்ய வேண்டிய பிரச்சினைகள், அவற்றின் மேல் முடிவு, காரணம் மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 393. உங்கள் தாளின் வலப்பக்கம் இனி அதுதான்.

புதுச்சேரி எல்லையில் முள்ளோடை தாண்டி ராத்திரி ஒருவர் கடலூர் நோக்கி கார் ஓட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாலையோரம் மஃப்டியில் இருவர் டார்ச் அடிக்கிறார்கள். நிற்காமல் போகிறார். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 132, 221, 281 என்று குற்றப்பத்திரிகை. 132க்குத் தாக்குதலோ குற்றமுறு பலப்பிரயோகமோ வேண்டும். ஒதுங்கி ஓட்டித் தப்பியது அது ஆகாது. ஆளை நோக்கிக் காரைத் திருப்பினார் என்றால் எந்தச் சாட்சி, எத்தனை அடி தூரத்தில் நின்றார்? 221, பொது ஊழியரைத் தடுத்தது. அவர்கள் போலீஸ் என்று தெரிய என்ன இருந்தது? டார்ச்சை முகத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டுநருக்கு வெளிச்சம்தான் தெரியும், பிடித்த ஆள் தெரியமாட்டார். இந்தக் கேள்வி குறுக்கு விசாரணையில் கேட்கப்பட்டதா என்று பாருங்கள். 281, அஜாக்கிரதையாக ஓட்டியது. அதற்கு 'அதிவேகமாக வந்தார்' என்ற ஒரு வரியோடு சாட்சி நின்றிருந்தால், 1998இன் கர்நாடக அரசு எதிர் சதீஷ் தீர்ப்பைக் கையில் வையுங்கள். வேகம் மட்டுமே அஜாக்கிரதை ஆகாது.

221க்கு இன்னொரு கதவும் உண்டு. சுரக்ஷா சன்ஹிதா 215இன்படி, அந்த ஊழியரோ, அவருக்கு மேலதிகாரியோ, அந்த ஊழியர் அதிகாரம் கொடுத்த வேறொரு பொது ஊழியரோ எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கலாம். கட்டில் அப்படிப் புகார் இருக்கிறதா என்று தேடுங்கள். குற்றப்பத்திரிகையே போதும் என்று அரசுத் தரப்பு வாதிடும், பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அப்பீல் மெமோவில் 'தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் விரோதமானது' என்பதை எல்லோரும் முதல் கிரவுண்டாக, அதாவது அப்பீலுக்கான முதல் காரணமாக, எழுதுவார்கள். எழுதிக்கொள்ளுங்கள், யாரும் அதைப் படிப்பதில்லை. இரண்டாவதிலிருந்து இடப்பக்க வரி ஒன்றுக்கு ஒரு கிரவுண்ட்: இந்த வரியை மாஜிஸ்திரேட் எந்தப் பத்தியில் முடிவு செய்தார், அல்லது செய்யவே இல்லை.

செஷன்ஸ் கோர்ட்டுக்கு முப்பது நாள் கெடு. தீர்ப்பு நகல் வாங்க ஆன நாளைக் கழித்துக்கொள்ளலாம். கட்சிக்காரர் ஜாமீனில் இருந்து, தண்டனை மூன்று வருடத்துக்கு மேல் போகாவிட்டால், தீர்ப்பு சொன்ன அன்றே அதே மாஜிஸ்திரேட்டிடம் சுரக்ஷா சன்ஹிதா 430(3)இன் கீழ் தண்டனையை நிறுத்திவைக்க மனுப் போடுங்கள். அந்த மனுவை முந்தின ராத்திரியே டைப் அடித்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.