சப்டைட்டிலைப் பெரிதாக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள்

காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு யூடியூபில் கதை வீடியோ போடும்போது, பேசும் அதே மொழியிலேயே சப்டைட்டிலைப் போட்டு வேகத்தை 0.75 ஆக்கிவிடுங்கள், கணினியில் என்றால் அப்படியே பல்சக்கரக் குறியை அழுத்தி எழுத்தளவை 200 சதவீதமாக்கி, பின்னணியை அழுத்தமான கறுப்பாக வையுங்கள். பார்வை மங்கலான பிள்ளைகளுக்கும் இது உதவும்.

'பாடு', 'மாடு' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? திரையில் மாடு நிற்கும்போதே கீழே 'மாடு' என்று எழுத்தும் வந்தால் சொல் மனதில் பதிந்துவிடும். வேகம் குறைவதால் வரி மறைவதற்குள் படித்து முடிக்கவும் நேரம் கிடைக்கும்.

தானாக உருவாகும் சப்டைட்டிலை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். தமிழில் ல, ள, ழ குழம்பி வருவதுண்டு, பிள்ளை தப்பாகப் படித்துப் பழகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு, அதனால் முதலில் நீங்கள் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வீடியோவோடு சேர்த்தே பதித்த எழுத்தின் அளவை மாற்ற முடியாது. சைகை மொழியில் வளரும் பிள்ளைக்கு சைகையும் சேர்ந்த வீடியோதான் சரி. பார்வையே இல்லாத பிள்ளைக்கு இது பயன்படாது, அங்கே பிரெய்ல் புத்தகமும் காட்சியைச் சொல்லும் ஒலி விவரிப்பும் வேண்டும்.