குளத்துத் தண்ணீரில் விழுங்கல் பார்ப்பது எப்படி

ஒரு கலம் துணிக்கையை விழுங்கும் தின்குழியச் செயலைக் காட்ட உயர்தர வகுப்பில் இரத்தம் எடுக்கத் தேவையில்லை. குளத்துத் தண்ணீர், ஈஸ்ட், கொங்கோ சிவப்புச் சாயம் போதும்.

இரணைமடுவோ வவுனிக்குளமோ, நடுத்தண்ணீர் வேண்டாம். இலைகுழை அழுகிக் கிடக்கும் கரையோரத்தில் அள்ளுங்கள். முதலை உலாவும் குளமென்றால் கயிறு கட்டிய வாளிதான். ஒரு கைப்பிடி வைக்கலை ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரில் 15 நிமிடம் அவித்து, நன்றாக ஆறியபின் குளத்துத் தண்ணீர் ஒரு கோப்பை ஊற்றித் துணியால் மூடி நிழலில் வையுங்கள். 5 முதல் 10 நாளில் பரமேசியம் என்ற ஒருகல உயிரி பெருகும். பெருகாவிட்டால் குளோரின் போட்ட தண்ணீரையோ மருந்தடித்த வயலின் வைக்கலையோ சந்தேகியுங்கள்.

அது விழுங்கச் சாயமேற்றிய ஈஸ்ட் வேண்டும்: உலர் ஈஸ்ட் 1 கிராம், சாயம் 30 மில்லிகிராம், தண்ணீர் 10 மில்லிலீற்றர். 10 நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். சாயம் நஞ்சு, கையுறை கட்டாயம். ஆறியபின் ஈர்க்கு நுனியால் தொட்டு, வழுக்கியிலுள்ள பரமேசியத் துளியில் கலவுங்கள். பலர் பிழை விடுவது இங்கேதான்: கூடப் போட்டால் எல்லாம் சிவந்து ஒன்றும் தெரியாது. ஓட்டத்தை அடக்க இரண்டு மூன்று பஞ்சு இழைகளை வைத்து மூடித்துண்டால் மூடுங்கள்.

நுணுக்குக்காட்டியில் 100 மடங்கில் சில நிமிடத்திலேயே உடலுக்குள் சிவப்பு உருண்டைகள் தெரியும். பிறகு சில ஊதாவாகி நீலமாகும், உருண்டைக்குள் அமிலம் கூடி பீ.எச். 3 அளவுக்கு இறங்கியதன் அடையாளம் அது. நம் உடலில் கிருமிகளை விழுங்கும் கலமான மக்ரோபேஜும் விழுங்கியதை அமிலத்திலும் நொதியத்திலும்தான் கரைக்கிறது.

ஆனால் பரமேசியம் மயிர் போன்ற பிசிரால் தண்ணீரை வாய்க்குழிக்குள் தள்ளி, அளவு பொருந்துவதை விழுங்கும். மக்ரோபேஜ் தொட்டு அறிந்தே விழுங்கும். ஈஸ்ட் சுவரின் பீற்றா குளுக்கனை மக்ரோபேஜின் மேற்பரப்பிலுள்ள டெக்டின்-1 என்ற வாங்கிப் புரதம் பிடிக்கும். உயிருள்ள ஈஸ்டில் மேலுள்ள மனான் படை அதைப் பெரிதும் மறைக்கும்; அவித்தால் வெளியே தெரியும். அதனால் செத்த ஈஸ்டும் வாங்கியின் பிடியில் அகப்படும். வழுவழுப்பான உறை போர்த்த நியூமோகொக்கசு போன்ற பற்றீரியாக்கள் நழுவிவிடும். பிறபொருளெதிரியோ, இரத்தத்திலுள்ள நிரப்பிப் புரதமோ அவற்றில் ஒட்டினால்தான் அகப்படும்.

ஒரு வாங்கியின் பிடி போதாது. சாறத்தில் நாயுருவி ஒட்டுவதுபோல வாங்கிகள் ஒவ்வொன்றாகப் பற்ற, கலத்துக்குள் உள்ள அக்ரின் புரத இழைகள் கலமென்சவ்வைத் துணிக்கையைச் சுற்றிலும் தள்ளும். துணிக்கையின் ஒரு பக்கத்தில் மட்டும் பிறபொருளெதிரி இருந்தால், மென்சவ்வு அந்த விளிம்போடு நின்றுவிடும். துணிக்கை ஒட்டியபடியே வெளியில் கிடக்கும்.