சூப்பர் கம்ப்யூட்டர் கேட்கும் கடலோர ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம் ஊரில் கடற்பாசியை ஆராய்பவர், தொண்டியில் கடலியல் படிக்கும் மாணவி, அழகன்குளத்துப் பானை ஓடுகளின் கீறல்களைப் படமெடுத்து வைத்திருக்கும் தொல்லியலாளர் என யாரைக் கேட்டாலும், சூப்பர் கம்ப்யூட்டர் வானிலைக்காரர்களுக்கும் இயற்பியல்காரர்களுக்கும் உரியது என்பார்கள். முதல் தவறு இது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கம் 2015இல் தொடங்கியது. அதன்கீழ் அமைந்த 838 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கீடுகள்) வேகமுள்ள ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 2022 முதல் திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிறது. இத்தகைய இயந்திரங்களில் வேலை செய்ய நேரில் போக வேண்டியதில்லை, இணையம் போதும். வெளி நிறுவனத்தாருக்கான விதிகள் மையத்துக்கு மையம் மாறும். கேட்டுப் பார்க்காமலே ‘நமக்குத் தரமாட்டார்கள்’ என்று முடிவுகட்டுவதுதான் வேடிக்கை.

அடுத்தது பெரிய தவறு. மடிக்கணினியில் நான்கு நாள் ஓடும் நிரலை அப்படியே கொண்டுபோய்ப் போட்டால் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நம்புவது. சூப்பர் கம்ப்யூட்டரின் ஒரு கோர் (கணக்குப் போடும் தனி அலகு), நல்ல மேசைக் கணினியின் கோரைவிடப் பெரிதாக வேகமானதல்ல. சில சமயம் மெதுவானதும்கூட. பலம் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. வேலையைப் பிரித்துக் கொடுக்க நிரலுக்குத் தெரியாவிட்டால், ஒற்றைத் துடுப்புள்ள வள்ளத்தில் பத்துப் பேரை ஏற்றிய கதைதான். வேலையில் பத்தில் ஒரு பங்கு வரிசையாக மட்டுமே நடக்கக்கூடியது என்றால், எத்தனை ஆயிரம் கோர் கொடுத்தாலும் மொத்த வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து வரும் கணக்கு இது.

ஆகவே விண்ணப்பத்துக்கு முன் வேலையின் வடிவத்தைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி எடுத்த பவளப்பாறைப் படங்களில் மீன்களை எண்ணுவது, ஒவ்வொரு படமும் தனித்தனியாக முடியும் வேலை. நூறு கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஏறக்குறைய நூறு மடங்கு வேகம் கிடைக்கும். பாக் நீரிணையைக் கட்டங்களாகப் பிரித்து நீரோட்டத்தைக் கணக்கிடும் மாதிரி அப்படியல்ல. பக்கத்துக் கட்டங்கள் ஓயாமல் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதால் உள்ளே இருக்கும் கணினிகளை இணைக்கும் வேகமான வலையமைப்பு தேவை. கடற்பாசியின் மரபணுத் தொகுப்பைக் கோக்க அதிக நினைவகமுள்ள ஒரே ஒரு கணுவே (சூப்பர் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு தனிக் கணினி) பல நேரம் போதும். மூவரும் ஒரே மாதிரி ‘ஜி.பி.யூ. (ஒரே வகைக் கணக்குகளைக் கூட்டமாகப் போடும் சில்லு) வேண்டும்’ என்று எழுதினால் இருவருக்காவது அது வீணாகலாம்.

நுழைவுக் கணுவிலேயே கணக்கீட்டை ஓடவிடுவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. அது எல்லாரும் உள்ளே வரும் வாசல். வேலையை, எது எப்போது எங்கே ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் ஸ்லர்ம் போன்ற வரிசை மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 72 மணி நேரம் கேட்பவர் தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்கிறார். பெரிய வேலைகளுக்கு நடுவே விழும் இடைவெளிகளில் குறுகிய வேலைகளை வரிசை மென்பொருள் நுழைத்துவிடும், நீளமாகக் கேட்டவர் காத்திருப்பார். சிறிய அளவில் ஓட்டிப் பார்த்து, ஆகும் நேரத்துக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கேட்டால் போதும். நேரம் முடிந்ததும் வேலை நிறுத்தப்படும் என்பதால், இடைநிலை முடிவுகளை அவ்வப்போது சேமிக்கும்படி நிரலை எழுதுங்கள்.

தரவை அனுப்பும் கணக்கை யாரும் போடுவதில்லை. இரண்டு டெராபைட் காணொளியை நொடிக்கு 20 மெகாபிட் இணைப்பில் ஏற்ற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் இணைப்பு அறுந்துபோகாவிட்டால். மையம் சம்மதித்தால் ஹார்டு டிஸ்கோடு திருச்சி பஸ் ஏறுவது வேகமான வழி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லட்சம் சிறு படங்களைத் தனித்தனிக் கோப்புகளாக ஏற்றினால் பொதுச் சேமிப்பகமே திணறும், ஒரே கட்டாக்கி அனுப்புங்கள். தற்காலிகச் சேமிப்பகத்தை நிரந்தரம் என்று நம்பாதீர்கள். பல மையங்களில் தொடாத கோப்புகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தாமாகவே அழிக்கப்படும்.

இந்தக் கரைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. கடல் அட்டை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது, கடத்தலும் ஓய்ந்தபாடில்லை. அட்டைகளோ கடற்பசுக்களோ எங்கே இருக்கின்றன என்ற துல்லியமான இருப்பிடக் கோப்பை, நண்பரால் திறக்க முடியவில்லை என்பதற்காக ‘777’ என்ற கோப்பு அனுமதியோடு பொது இயந்திரத்தில் விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். 777 என்றால் அந்த இயந்திரத்தில் கணக்குள்ள எவரும் படிக்கலாம், திருத்தலாம், உள்ளடக்கத்தையே அழிக்கலாம். குழுவுக்கு மட்டும் அனுமதி கொடுக்க முடியும். இருப்பிடத்தைத் தோராயமாக்கிவிட்டு ஏற்றுவது இன்னும் நல்லது.

தவறெல்லாம் ஆய்வாளர்கள் பக்கம் மட்டும் இல்லை. எத்தனை கோர்-மணி (கோர்களின் எண்ணிக்கையை ஓடும் நேரத்தால் பெருக்கியது) வேண்டும், கோர் கூடக்கூட வேகம் எப்படி ஏறுகிறது என்ற வரைபடம் எங்கே என்று முதல் படிவத்திலேயே கேட்டால், இயந்திரத்தைத் தொட்டே பார்க்காத கல்வெட்டு ஆய்வாளர் என்ன எழுதுவார்? ஆய்வாளர்களுக்குச் சூப்பர் கம்ப்யூட்டர் நேரம் ஒதுக்க அமெரிக்காவில் 2022இல் தொடங்கிய ‘ஆக்சஸ்’ திட்டத்தின் முதல் படிக்குச் சுருக்கமான விளக்கமே போதும். பழகிய பின் பெரிய ஒதுக்கீட்டுக்கு விரிவாக எழுதலாம். நம் மையங்களும் அப்படி ஒரு சிறு வாசலைத் திறக்க வேண்டும். பாய்ம இயக்கவியல் (திரவமும் வாயுவும் ஓடும் விதம் பற்றிய துறை) உதாரணங்களோடு ஒருநாள் பயிலரங்கு நடத்தி, சான்றிதழ் கொடுத்து அனுப்புவதால் கடலோரத் துறைகளுக்குப் பயன் குறைவு. ஊர் திரும்பியபின் முதல் பிழைச்செய்தி வரும்போது கேட்க ஆள் இல்லை. மண்டபத்திலோ தொண்டியிலோ வந்து உட்கார்ந்து, அவர்களுடைய தரவையே வைத்து, தமிழில் பேசி வேலையை ஓடவைக்கும் ஒருவர் தேவை. அடுத்த இயந்திரத்துக்கான பணத்தில் ஒரு பகுதியை அவருடைய சம்பளத்துக்கு ஒதுக்கலாம் என்பேன்.