ஜீரோ காட்டினால் மெமரி சும்மா கிடக்கிறது என்று அர்த்தமா? டேமன் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் கெர்னலுக்குள் டேமன் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த மெமரி அடிக்கடி தொடப்படுகிறது, எது தொடப்படாமல் கிடக்கிறது என்று கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துச் சொல்லும். சியோங்ஜே பார்க் தொடங்கிய இந்த வேலை 2021-ல் 5.15 கெர்னலில் சேர்ந்தது. வேலூரில் காட்பாடி, பாகாயம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் இதை இறுதியாண்டு புராஜெக்டாக எடுக்கும்போது கூட உட்கார்ந்து பார்த்து வருகிறேன். பிள்ளைகள் கருவியை நன்றாகவே ஓட்டிவிடுகிறார்கள். அது தரும் எண்ணைப் படிக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணா, எல்லா ரீஜனும் ஜீரோ காட்டுது. டேமன் ஓடவே இல்லையா?" ரீஜன் என்பது டேமன் மெமரியைப் பிரித்துக்கொள்ளும் துண்டு. டேமன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இடைவெளிகளை மாற்றாமல் அப்படியே விட்டிருப்பார்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் டேமன் 5 மில்லி செகண்டுக்கு ஒரு முறை சாம்பிள் எடுக்கும். 100 மில்லி செகண்டுக்கு ஒரு முறை கணக்கை முடித்து எண்ணைச் சொல்லும், இதுதான் அக்ரிகேஷன். ஒரு சுற்றுக்கு 20 பார்வைதான். இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் பாதித் தவறுகள் தானாக நின்றுவிடும்.

வேலூர் லாங்கு பஜாரில் எந்தப் பக்கம் வியாபாரம் சூடு என்று தெரிய வேண்டுமானால் கடைக்கு ஓர் ஆளை நிறுத்த முடியாது. தெருவைச் சில துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு கடையை எட்டிப் பார்த்து, அக்கம்பக்கமும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். டேமன் செய்வதும் இதே வேலைதான். 16 ஜிபி மெமரியில் பேஜ் எனப்படும் 4 கேபி துண்டுகள் 41,94,304 இருக்கின்றன. அத்தனையையும் 5 மில்லி செகண்டுக்கு ஒரு தரம் சோதித்தால் கணினி வேறு வேலை பார்க்காது. அதனால் ரீஜன்களாகப் பிரித்து, ரீஜனுக்கு ஒரு பேஜைப் பிடித்து, பேஜ் டேபிளில் (முகவரிகளைப் பேஜ்களோடு இணைக்கும் அட்டவணை) அதற்கு உரிய அக்சஸ் பிட்டை, அதாவது தொட்டதைக் குறிக்கும் அடையாளத்தை அழித்துவிட்டு, அடுத்த சாம்பிளில் அது மறுபடி ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறது. குணம் ஒத்த ரீஜன்களைச் சேர்க்கும். பிறகு மறுபடி பிரித்துப் பார்க்கும்.

இப்போது அந்த ஜீரோவுக்கு வருவோம். மெமரி பெரிதாக இருந்து, ஒவ்வொரு பேஜும் சில செகண்டுக்கு ஒரு முறைதான் தொடப்படுகிறது என்றால், 100 மில்லி செகண்டுக்குள் எதுவும் சிக்காது. சாம்பிள் 100 மில்லி செகண்டு, அக்ரிகேஷன் 2 செகண்டு என்று கூட்டிப் பாருங்கள். அப்படியும் தட்டையாக இருந்தால் இன்னும் கூட்டுங்கள். கெர்னல் ஆவணத்திலேயே இப்படிப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கும் உதாரணம் இருக்கிறது. எல்லா ரீஜனும் உச்ச எண்ணில் நின்றால் இடைவெளி நீளம் என்று அர்த்தம். அப்போது குறைக்க வேண்டும்.

அந்த எண்ணையே தவறாக எடுத்துக்கொள்வது அடுத்தது. 20 என்று வந்தால் 20 முறை தொட்டார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறார்கள். 20 பார்வையிலும் பிட் ஏறியிருந்தது என்பதுதான் அதன் பொருள். இரண்டு பார்வைக்கு நடுவே ஒரு பேஜை ஒரு தடவை தொட்டாலும் பத்து லட்சம் தடவை தொட்டாலும் ஒன்றுதான். பக்கத்திலேயே இருக்கும் வயது எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. இந்த நிலை எத்தனை அக்ரிகேஷன் சுற்றாக மாறாமல் இருக்கிறது என்று அது சொல்கிறது. ஜீரோ அக்சஸ், வயது 2 என்பதற்கும் ஜீரோ அக்சஸ், வயது 600 என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கருவி மீது சந்தேகம் வந்தால், விடை முன்பே தெரிந்த ஒரு சின்ன சி புரோகிராமை எழுதிச் சோதியுங்கள். 400 எம்பி எடுத்து, முழுவதிலும் ஒரு முறை எழுதிவிட்டு, முதல் 40 எம்பியை மட்டும் லூப்பில் படித்துக்கொண்டே இருக்கட்டும். டேமன் அந்தப் பத்தில் ஒரு பங்கைச் சூடாகக் காட்ட வேண்டும். இந்தச் சோதனையிலும் மூன்று இடத்தில் கவனம் தேவை. முதலில், 'முழுவதிலும் ஒரு முறை எழுதி' என்பதை விட்டுவிடக் கூடாது. மெமரி கேட்கும் மல்லாக் ஃபங்ஷன் கொடுத்த இடத்தில் எழுதும் வரை கெர்னல் பேஜ் எதையும் மாட்டுவதில்லை. அந்த 360 எம்பி டேமன் கணக்கில் குளிர்ந்த மெமரியாகத் தெரியும். உண்மையில் ரேமில் இடமே பிடித்திருக்காது. "360 எம்பி மிச்சப்படுத்தலாம்" என்று எழுதினால் பொய்க்கணக்கு.

இரண்டாவது, சூடான பகுதியை ஒரு சில நூறு கேபியாகச் சுருக்கக் கூடாது. எக்ஸ்86 பிராசசர் அக்சஸ் பிட்டை ஏற்றுவது பேஜ் டேபிளைப் போய்ப் பார்க்கும்போதுதான். முகவரி ஏற்கெனவே டிஎல்பியில் (அண்மையில் பார்த்த முகவரிகளைப் பிராசசர் நினைவில் வைக்கும் இடம்) இருந்தால் பேஜ் டேபிள் பக்கம் போகவே மாட்டாது. டேமன் பிட்டை அழித்தாலும் டிஎல்பியைத் துடைப்பதில்லை. அதனால் மிகச் சிறிய, மிகச் சூடான பகுதி குளிர்ந்ததாகத் தெரியலாம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையும் இந்த இடம் குழப்பிவிடும். மூன்றாவது ஹியூஜ் பேஜ், அதாவது 4 கேபிக்குப் பதில் 2 எம்பி அளவில் வரும் பெரிய பேஜ். 2 எம்பிக்கு ஒரே பிட் என்றால் அதற்குள் ஒரு பைட்டைத் தொட்டாலும் முழு 2 எம்பியும் சூடு.

அதிகபட்ச ரீஜன் எண்ணிக்கையை 1000-லிருந்து ஒரு லட்சமாக ஏற்றினால் துல்லியம் கூடும் என்பதும் பரவலான நினைப்பு. 1000 ரீஜன், 5 மில்லி செகண்டு என்றால் செகண்டுக்கு அதிகபட்சம் 2 லட்சம் சோதனை. ஒரு லட்சம் ரீஜன் என்றால் 2 கோடி. அதைச் செய்வது ஒரே ஒரு கெர்னல் திரெட். மெமரி எவ்வளவு பெரிதானாலும் செலவை ஒரு வரம்புக்குள் வைத்திருப்பதுதான் இந்தக் கருவியின் அழகு. அதை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் இடைவெளியைச் சரிசெய்யுங்கள், அப்புறம் ரீஜனைத் தொடலாம்.

எந்த முகவரியைக் கண்காணிக்கிறோம் என்பதில் வரும் குழப்பத்துக்குப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நல்ல உதாரணம். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் அது தனி பிராசஸ் திறக்கும். தலைமை பிராசஸின் எண்ணை மட்டும் டேமனிடம் கொடுத்துவிட்டு, குவெரி ஓடும்போது ஏன் எதுவும் அசையவில்லை என்று கேட்பது வீண். மேலும், ரீட் கால் மூலம் படிக்கும் ஃபைல், கெர்னல் ஃபைல்களை மெமரியில் வைத்துக்கொள்ளும் பேஜ் கேஷில் உட்காரும். அது அந்த பிராசஸின் விர்ச்சுவல் முகவரிக்குள் (பிராசஸ் தனக்கென்று பார்க்கும் முகவரி) வராது. முழுக் கணினியும் வேண்டும் என்றால் ரேமின் நேரடி முகவரியான பிசிக்கல் முகவரி முறையைத் தேர்ந்தெடுங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்தால் அந்த மெஷினின் பிசிக்கல் முகவரிதான் தெரியும், வெளிக் கணினியுடையது தெரியாது.

தொடப்படாத பேஜ்களைக் கண்டுபிடிக்கும் கெர்னலின் இன்னொரு வசதியான ஐடில் பேஜ் டிராக்கிங்கையும் டேமனையும் ஒரே நேரத்தில் ஓட்டி ஒப்பிட வேண்டாம். இரண்டும் அதே அக்சஸ் பிட்டை அழிப்பவை. மெமரியை மீட்டெடுக்கும் கெர்னலின் ரீக்ளெய்ம் வேலையோடு மோதாமல் டேமன் பார்த்துக்கொள்ளும். ஐடில் பேஜ் டிராக்கிங்கோடு மோதாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நம்மிடமே விட்டிருக்கிறார்கள். ஒன்றை ஓட்டி முடித்து மற்றதை ஓட்டுங்கள்.

பழைய குறிப்புகளைப் பார்த்து, டேமனை இயக்க டீபக்எஃப்எஸ் ஃபைல்களைத் தேடுவதும் நேர விரயம். 5.18 முதல் சிஸ்எஃப்எஸ் வழி இருக்கிறது, பழைய வழி நீக்கப்பட்டுவிட்டது. டேமோ என்ற கட்டளைக் கருவியை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பார்த்த கையோடு பேஜ்அவுட் (பேஜை ரேமிலிருந்து வெளியே தள்ளுவது) போடுவது. டேமன் கண்டதை வைத்துச் செயல்படும் டேமோஸ் திட்டத்தில் 'குளிர்ந்ததை வெளியே தள்ளு' என்று எழுத இரண்டு நிமிடம் போதும். இடைவெளி தவறு என்றால் அந்த ஜீரோ எல்லாம் பொய் ஜீரோ. தள்ளியது உடனே திரும்ப வரும், டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். அதே திட்டத்தை முதலில் ஸ்டாட் செயலோடு ஓட்டுங்கள். அது எதையும் தொடாமல், நிபந்தனைக்குள் எவ்வளவு மெமரி வருகிறது என்று எண்ணி மட்டும் சொல்லும். பிறகு கோட்டா, அதாவது இவ்வளவுக்கு மேல் போகாதே என்ற வரம்பு, வைத்துத் தொடங்குங்கள். கெர்னலோடு வரும் டேமன் ரீக்ளெய்ம் எவ்வளவு நிதானமாகப் போகிறது பாருங்கள்: 120 செகண்டு தொடாததைத்தான் குளிர்ந்தது என்கிறது, ஒரு செகண்டில் 10 மில்லி செகண்டு நேரம், 128 எம்பி அளவு, இதைத் தாண்டுவதில்லை. காலி மெமரி போதுமான அளவு இருந்தால் வேலையையே தொடங்காது. இவ்வளவும் செய்த பிறகு ஸ்வாப் இல்லாத லேப்டாப்பில் ஓட்டினால் அனானிமஸ் பேஜ் (ஃபைலோடு தொடர்பில்லாதது, மல்லாக் தருவது போன்றது) ஒன்றுகூட வெளியேறாது. ஸ்வாப் அல்லது (ரேமிலேயே சுருக்கி வைக்கும்) இசட்ரேம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் ஹீட்மேப் படம் ஒட்டும்போது அதன் கீழேயே கெர்னல் பதிப்பு, விர்ச்சுவலா பிசிக்கலா, இரண்டு இடைவெளிகள், ரீஜன் வரம்பு, ஹியூஜ் பேஜ் இருந்ததா என்ற விவரங்களையும் எழுதுங்கள். வைவாவில் முதலில் வரும் கேள்விகள் இவைதான்.