தாமிரபரணி ஏறும்போது: ஆற்றங்கரை வீட்டுக்காரர்களுக்கு

இமயத்தில் பிறக்கும் ஆறுகளில் கோடை தொடங்கியதும் பனி உருகித் தண்ணீர் நாள்கணக்கில் கூடிக்கொண்டே வரும். நம்ம தாமிரபரணியில் அந்த அவகாசம் கிடையாது. பொதிகையில் இறங்கிப் புன்னக்காயலில் கடலைச் சேரும்வரை மொத்த ஓட்டமே 128 கிலோமீட்டர்தான். ராத்திரி மலையில் கொட்டுவது மறுநாளே ஊருக்குள் தெரிந்துவிடும். ஐப்பசி பிறக்குமுன் ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும். 1992 வெள்ளம் நவம்பரிலும் 2023 வெள்ளம் டிசம்பரிலும் வந்தவை.

பலரும் செய்யும் தப்பு, அணை நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பாபநாசத்தின் முழுக்கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. எத்தனை அடி நிற்கிறது என்பதைவிட, இன்னும் எத்தனை அடி இடம் இருக்கிறது, வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்பதுதான் கணக்கு. நிரம்பிய அணைக்கு வருகிற தண்ணீர் அப்படியே ஆற்றுக்குத்தான் வரும். அதோடு முடிந்துவிடவில்லை. திருப்புடைமருதூரில் கடனாநதி சேர்கிறது, சீவலப்பேரியில் சிற்றாறு சேர்கிறது, இடையில் பச்சையாறும் உண்டு. பாபநாசத்தில் திறப்பைக் குறைத்தாலும் இவை குறையாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. அது மலையில் பெய்த மழை இல்லை, சமவெளியில் பெய்தது. அப்படிப் பெய்தால் குளங்கள் மறுகால் பாயும், அதாவது நிரம்பி வழியும், சில உடையும். ஆற்றையே பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத் தண்ணீர் வரும். ஆகவே அணைத் திறப்பு, உள்ளூர் மழை, வீட்டுக்கு மேலே இருக்கிற குளத்தின் மறுகால் மூன்றையும் சேர்த்தே விசாரியுங்கள்.

நெல்லைக்காரர்கள் ஆற்றுக்குள்ளேயே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயிலை வைத்து ஆற்றை அளப்பார்கள். உங்கள் தெருவுக்கு உங்கள் படித்துறையே அளவுகோல். தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று மணிக்கொரு தடவை எண்ணி, நேரத்தோடு எழுதி வையுங்கள். பன்னிரண்டு படி மிச்சம், மணிக்கு இரண்டு படி ஏறுகிறது என்றால் கணக்குக்கு ஆறு மணி நேரம். அதில் பாதியை, அதாவது மூன்று மணி நேரத்தை மட்டும் நம்புங்கள். மேலே ஒரு குளம் உடைந்தால் படிக்கணக்கு செல்லாது. இருட்டினால் படியில் இறங்கவே கூடாது. மேலே நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். அந்தப் பாதிக் கணக்கு நடுராத்திரியில் முடியும் என்று தெரிந்தால் பொழுது சாயுமுன்பே கிளம்பிவிடுங்கள்.

வீட்டுக்குள் முதல் வேலை கரண்டு. முற்றத்துக்குத் தண்ணீர் வருமுன், கையும் தரையும் காய்ந்திருக்கும்போதே மெயினை அணைக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வீட்டு ஒயருக்குக் கரண்டு கொடுத்துக்கொண்டேயிருக்கும். பலர் மறக்கும் இடம் இதுதான். அதன் சுவிட்சையும் அணைத்து, பேட்டரியில் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, பேட்டரியை மேலே ஏற்றுங்கள். மீட்டர் பெட்டி நனைந்துவிட்டால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் 94987 94987 எண்ணைக் கூப்பிடுங்கள்.

கேஸ் சிலிண்டர் கனமானது, அசையாது என்று நினைப்பார்கள். நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள். காலி சின்டெக்ஸ் தொட்டியும் மிதந்து குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும், அதனால் நிரப்பி வைப்பது நல்லது. பிறகு புழங்குவதற்கும் அந்தத் தண்ணீர் ஆகும்.

வாசலில் சாக்கு அடுக்குவது எல்லாரும் அறிந்ததுதான், ஆனால் முக்கால்வாசிப் பேர் சாக்கை முட்ட நிரப்பிவிடுகிறார்கள். முட்ட நிரப்பினால் உருண்டையாகி இடுக்கில் தண்ணீர் புகும். உரச்சாக்கில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக, வெறும் ஆற்றுமணல் இல்லாமல் மண் கலந்து போட்டு, வாயை மடித்து அடியில் செருகி, செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி வைத்து மிதியுங்கள். உயரம் இரண்டடி என்றால் அடிப்பக்கம் ஆறடி அகலம் வேண்டும். தண்ணீர் படும் பக்கம் தார்ப்பாய். இத்தனை செய்தும் தண்ணீர் உள்ளே வரும் வழி ஒன்று உண்டு: கக்கூஸ். வெளியே மட்டம் ஏறினால் செப்டிக் டேங்க் எதிர்த்துத் தள்ளும். பாலிதீனில் சுற்றிய மணல்மூட்டை ஒன்றைப் பீங்கானில் அழுத்தி வையுங்கள், குளியலறை ஓட்டையிலும் பாத்திரம் கழுவும் அங்கணத்திலும் ஒவ்வொன்று.

மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். மேட்டுக்கு ஓட்ட நேரமில்லை என்றால் தும்புக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், அது நீந்திக்கொள்ளும்.

ஓடுகிற தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைத் தள்ளும், இரண்டடி காரையே இழுத்துப் போகும். தாம்போதியில் (தரைப்பாலத்தில்) தண்ணீர் பாய்ந்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். சிக்கிக்கொண்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. சாப்பாட்டுக்கு அவல், கருப்பட்டி, பிஸ்கட் போதும். மருந்துச் சீட்டும் ரேஷன் கார்டும் பட்டாவும் ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில்.

தண்ணீர் வடிந்ததும் மண்சுவர் வீட்டுக்குள் ஓடாதீர்கள். ஊறிய சுவர் பெரும்பாலும் வடிந்த பிறகுதான் உட்காரும். மற்ற வீடுகளில் கதவைத் திறந்து கேஸ் வாடை அடிக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றது. வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். மூட்டைக்கு அடியில் கை விடுமுன் கம்பால் தட்டுங்கள், பாம்பு ஒதுங்கியிருக்கும். நனைந்த மோட்டாரையும் பிரிட்ஜையும் எலக்ட்ரீசியன் பார்க்காமல் ஓட்டினால் உள்ளே கம்பிச்சுருள் (காயில்) கருகும்.

கிணற்றில் வெள்ளம் புகுந்திருந்தால் கலங்கலை இறைத்து வெளியேற்றி, ஊறி வந்த புதுத்தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 60 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். ஒரு ராத்திரி விட்டு, வாடை மட்டுப்படும்வரை இறைத்துவிட வேண்டும். இரண்டு மீட்டர் அகலக் கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 9,400 லிட்டர், அதற்கு அரைக்கிலோவுக்குச் சற்று மேல். டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகையே உள்ளே இறங்கும் ஆளைக் கொல்லும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். சேற்றில் வேலை பார்த்தபின் காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கழுவித் தள்ளுமுன் சேதத்தைப் போட்டோ எடுங்கள், வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) வரும்போது வேண்டும். சுவரில் சேறு நின்ற கோட்டுக்கு ஆணியடித்து அடையாளம் வைத்த பிறகே வெள்ளையடியுங்கள். சுவிட்ச் போர்டுகளை அந்த ஆணிக்கு ஓரடி மேலே ஏற்றச் சொல்ல வேண்டும்.