புல் சிவந்தது, கடல் ஊதாவானது

1999-இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டின் பழைய குறுந்தகடு அலமாரியில் கிடைத்தது. பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கின் போர்களை மறுபடி நடத்தும் ஆசையில், 2010-இல் வாங்கிய மடிக்கணினியில் அன்றிரவே நிறுவினேன். திறந்ததும் மனம் வாடிவிட்டது. புல்வெளியில் சிவப்புத் திட்டுகள், கடல் ஊதா நிறம்!

திரை அட்டை பழுதோ என்று பயந்து அதன் இயக்கி மென்பொருளை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. காரணம் வேறு. இந்த விளையாட்டு 256 நிறங்கள் கொண்ட ஒரே அட்டவணையை நம்பி இயங்குகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கிடையாது, அட்டவணை எண் மட்டுமே உண்டு. பின்னணியில் ஓடும் எக்ஸ்ப்ளோரர் (விண்டோஸின் முகப்புத் திரையையும் பணிப்பட்டையையும் காட்டும் நிரல்) அந்த அட்டவணையில் சில இடங்களைத் தன் நிறங்களால் நிரப்பிவிடுகிறது. பச்சைக்குரிய எண் சிவப்பைக் காட்டுவது இதனால்தான்.

ஓடும் நிரல்களைக் காட்டி நிறுத்த உதவும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை நிறுத்தினேன். பணிப்பட்டை மறைந்துவிடும், அஞ்ச வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் உள்ள ‘புதிய பணி’ வழியாக விளையாட்டைத் தொடங்கலாம். முடித்த பின் அதே வழியில் எக்ஸ்ப்ளோரரை மீண்டும் இயக்கினால் போதும். தினமும் விளையாடுபவர்கள் இம்மூன்று கட்டளைகளையும் கட்டளைகளை வரிசையாக இயக்கும் ஒரே தொகுப்புக் கோப்பில் (.bat) எழுதி வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

பச்சைப் புல்வெளியில் ஆடு மேய்ந்ததைப் பார்த்தபோது எத்தனை நிம்மதி! 500 உணவு சேர்த்து அடுத்த யுகத்துக்குப் போவதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது.